மெரினாவுக்கு ஏன் கடைசி இடம்? கொரோனா காலத்தில் நாம் பூட்டிய திறந்தவெளிகள்

சில தேதிகளை மட்டும் முதலில் பார்த்துவிடுவோம். எல்லாம் 2020-ம் ஆண்டு, சென்னை.

ஆகஸ்ட் 10: ஜிம்கள் திறப்பு.
ஆகஸ்ட் 18: சென்னையில் டாஸ்மாக் திறப்பு.
செப்டம்பர் 1: மால்கள் திறப்பு. உடற்பயிற்சிக்காகப் பூங்காக்களும் அன்றுதான்.
நவம்பர் 10: பாதி இருக்கைகளோடு தியேட்டர்கள் திறப்பு.
டிசம்பர் 14: மெரினா கடற்கரை திறப்பு.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஏ.சி. ஓடும் அறையில் மூச்சு வாங்க வாங்க பத்துப் பேர் உடற்பயிற்சி செய்யும் ஜிம்முக்கு முதல் அனுமதி. மூன்று மணி நேரம் ஒரே காற்றைச் சுவாசிக்கும் தியேட்டருக்கு அதற்கப்புறம். கூரையே இல்லாத, வங்காள விரிகுடாவில் இருந்து நேராகக் காற்று வீசும் மணல்வெளிக்குக் கடைசி இடம். மார்ச் மாதம் மூடிய கடற்கரை, ஏறக்குறைய 9 மாதம் கழித்துத்தான் மக்களுக்குக் கிடைத்தது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 'மெரினாவை எப்போதான் திறப்பீர்கள்?' என்று சென்னை உயர் நீதிமன்றமே அரசைக் கேட்க வேண்டியிருந்தது.

'அதான் கொரோனா முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு பழைய கதை?' என்று கேட்கலாம். அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வந்தால் நிர்வாகம் எந்தக் கோப்பை எடுத்துப் பார்க்கும் என்று தெரியும். 2020-ம் ஆண்டின் கோப்பைத்தான். அதில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது.

கதவு இல்லாத இடம்

அதிகாரிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாலுக்கு ஒரு வாசல் இருக்கிறது. அங்கே ஒரு காவலாளி, கையில் வெப்பமானி, ஒரு பாட்டில் சானிட்டைசர். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணலாம். விதி மீறினால் நோட்டீஸ் அனுப்ப ஒரு முதலாளி இருக்கிறார், பூட்ட ஷட்டர் இருக்கிறது. மெரினாவுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே எத்தனை ஆயிரம் பேர் வருவார்கள் என்று யாரும் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. அத்தனை பேருக்கும் இடைவெளி விட்டு உட்காரச் சொல்ல எத்தனை போலீஸார் வேண்டும்? 'மூடிட்டா பிரச்னையே இல்லை' என்று ஓர் அதிகாரி நினைப்பது புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எது பாதுகாப்பானது என்ற கேள்விக்குப் பதிலாக, எதைக் கட்டுப்படுத்துவது சுலபம் என்ற கேள்விக்கு விடை எழுதப்பட்டது. இரண்டும் ஒன்று என்பது போல நாமும் நம்பிவிட்டோம். கடற்கரையில் நடக்கிறவரைப் பார்த்து 'பொறுப்பே இல்லாத ஜனங்க' என்று வாட்ஸ்அப்பில் புலம்பிய பலரும், அதே வாரம் கதவு சாத்திய உணவகத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான்.

காற்று என்ன சொன்னது?

கொரோனா எப்படிப் பரவுகிறது என்பதில் ஆரம்பத்தில் பெரிய குழப்பம் இருந்தது. தும்மல், இருமலில் தெறிக்கும் துளிகள்தான் காரணம், அவை ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். 6 அடி இடைவெளி, கை கழுவுதல், கதவுப் பிடியைத் துடைப்பது எல்லாம் அதிலிருந்து வந்தவை. பிறகுதான், பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துகள்கள் காற்றில் நெடுநேரம் மிதக்கும் என்பது தெளிவாக ஏற்கப்பட்டது. 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இதைத் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டது. அழுத்தமாகச் சொல்ல 2021 ஏப்ரல், மே ஆகிவிட்டது.

புரிந்துகொள்ள எளிய வழி, சிகரெட் புகை. கண்ணாடி ஏற்றிய காரில் ஒருவர் புகைத்தால் எல்லோருக்கும் மூச்சு முட்டும். அவரே கடற்கரை மணலில் நின்று புகைத்தால், பத்தடி தள்ளி நிற்பவருக்கு லேசாக வாடை வரலாம், அவ்வளவுதான். வைரஸ் சுமந்த துகள்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். மூடிய இடத்தில் சேர்ந்துகொண்டே போகும். வெளியே கலைந்துவிடும்.

சீனாவில் 2020 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஹூபே மாகாணத்துக்கு வெளியே ஏற்பட்ட தொற்றுகளை ஓர் ஆய்வுக் குழு தோண்டித் துருவிப் பார்த்தது. ஒரே இடத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்குப் பரவிய நிகழ்வுகள் 318. அத்தனையும் கூரைக்குக் கீழே நடந்தவை. திறந்தவெளியில் பரவியதாக அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது ஒரே ஒரு நிகழ்வு, அதில் பாதிக்கப்பட்டவர்கள் 2 பேர். அது குளிர்காலம், ஊரடங்கு வேறு, வெளியே ஆட்களே குறைவு என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். ஆனாலும் திசை தெளிவாகவே இருந்தது. ஜப்பான் அரசோ 2020 மார்ச்சிலேயே மூன்று விஷயங்களைத் தவிர்க்கச் சொன்னது: மூடிய இடம், நெருக்கமான கூட்டம், முகத்துக்கு முகம் பேச்சு. மூன்றும் சேரும் இடம்தான் ஆபத்து என்றது.

நாம் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம்? தெருத்தெருவாக லாரியில் கிருமிநாசினி தெளித்துக்கொண்டிருந்தோம். திருப்பூரில் சந்தை வாசலில் மனிதர்கள் மேலேயே மருந்து தெளிக்கும் சுரங்கப்பாதை வைத்தார்கள். ஊடகங்கள் அதைக் கொண்டாடின. சில நாள்களில் சுகாதாரத் துறையே 'அது வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. தெருக்களில் தெளிப்பதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் மே மாதம் சொன்னது. யார் வீட்டு வாசலில் வைரஸ் படுத்துக்கொண்டிருந்தது என்று நினைத்தோமோ!

அப்போ கோயம்பேடு?

நியாயமான கேள்வி. திறந்தவெளி பாதுகாப்பு என்றால், கோயம்பேடு சந்தையில் இருந்து ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தொற்று போனது எப்படி? கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று மாவட்டம் மாவட்டமாகப் பரவியதே?

கோயம்பேட்டை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். 295 ஏக்கர் என்று காகிதத்தில் பரந்து கிடக்கும் வளாகம்தான். ஆனால் வியாபாரம் நடப்பது கடை வரிசைகளுக்கு நடுவே உள்ள நெருக்கமான பாதைகளில். 3,000-க்கும் மேற்பட்ட கடைகள். தலையில் மூட்டையோடு 'வழி, வழி' என்று கத்திக்கொண்டு ஓடும் சுமைதூக்குபவர்கள், சத்தம் போட்டு ஏலம், தோளோடு தோள் உரசும் பேரம். இரவு முழுக்க வேலை, பகலில் அங்கேயே ஒண்டித் தூக்கம். ஜப்பான் சொன்ன மூன்றில் இரண்டு இங்கே நூற்றுக்கு நூறு. மூன்றாவது, பாதி.

இதோடு சேர்ந்தது ஓர் அறிவிப்பு. 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் 4 நாள் முழு ஊரடங்கு என்று அரசு சொன்னது. மளிகைக் கடைகூடத் திறக்காது. முந்தைய நாள், ஏப்ரல் 25 சனிக்கிழமை, ஊரே கோயம்பேட்டுக்குக் கிளம்பியது. அன்றைய படங்களைப் பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. கால் வைக்க இடமில்லை. கூட்டத்தைத் தவிர்க்கப் போட்ட உத்தரவே அந்த ஆண்டின் பெரிய கூட்டங்களில் ஒன்றை உருவாக்கியது.

'மக்களுக்கு அறிவில்லை' என்று அப்போது பலர் சொன்னார்கள். 4 நாள் கடை கிடையாது என்று தெரிந்தால், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் என்ன செய்வார்கள்? ஃப்ரிட்ஜ் நிறைய வாங்கி வைத்தவர், அப்படி வாங்க முடியாதவரைப் பார்த்துச் சொன்ன அறிவுரை அது.

பாடம் கற்றோமா? 2021 மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு. அதற்கு முன் 2 நாள் எல்லாக் கடைகளும் இரவு 9 மணி வரை திறக்கலாம், பேருந்தும் ஓடும் என்றார்கள். அரை நாளுக்குப் பதில் 2 நாள் கொடுத்தது முன்னேற்றம்தான். ஆனால் கடை வீதிகளும் பேருந்து நிலையங்களும் மறுபடி திணறின. இறைச்சிக் கடை விஷயம் இன்னும் வேடிக்கை. ஞாயிறு மூடினால் சனிக்கிழமை கூட்டம். சரி, சனிக்கிழமையும் மூடு. கூட்டம் எங்கே போகும்? வெள்ளிக்கிழமைக்குத்தான்.

இது சாதாரண வகுத்தல் கணக்கு. ஒரு நாளில் ஓர் இடத்துக்கு 1,600 பேர் வருகிறார்கள், கடை 16 மணி நேரம் திறந்திருக்கிறது என்றால் மணிக்கு 100 பேர். அதே கடையை 4 மணி நேரம்தான் திறப்பேன் என்றால் மணிக்கு 400 பேர். வருபவர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால்கூட மணிக்கு 200. நேரத்தைச் சுருக்கியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாதிரி தெரியவில்லை. 2021 ஜூனில் பூங்காக்களை நடைப்பயிற்சிக்குத் திறந்தபோது காலை 6 முதல் 9 வரை மட்டும். கடற்கரைக்குக் காலை 5 முதல் 9 வரை.

காலை நேரம் யாருக்கு? ஓய்வுபெற்றவர்களுக்கு, மாதச் சம்பளக்காரர்களுக்கு, வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்களுக்கு. நாள் முழுக்க டெலிவரி வண்டி ஓட்டுபவருக்கோ, இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் நர்ஸுக்கோ, கட்டட வேலை முடித்து ஆறு மணிக்கு மேல்தான் மூச்சு விடும் தொழிலாளிக்கோ அந்தக் கதவு திறக்கவே இல்லை. 'நடைப்பயிற்சிக்கு மட்டும்' என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு முழு வர்க்கம் உட்கார்ந்திருக்கிறது. ஷூ போட்டு வேகமாக நடந்தால் அது ஆரோக்கியம். செருப்போடு மணலில் சும்மா உட்கார்ந்தால் அது கூட்டம்.

பத்துக்குப் பத்து வீடும் மொட்டை மாடியும்

'வீட்டிலேயே இருங்கள்' என்பது எல்லோருக்கும் ஒரே அர்த்தம் தரும் வாக்கியம் இல்லை. அபார்ட்மென்ட்டில் இருந்தவர்களுக்கு பால்கனி இருந்தது. மொட்டை மாடி இருந்தது. அந்த மாதங்களில் சென்னை மொட்டை மாடிகளில் எட்டுப் போட்டு நடந்தவர்களைக் கணக்கெடுத்திருந்தால் ஒரு மாரத்தானே நடத்தியிருக்கலாம். பி.ஜி. அறையில் மூன்று பேரோடு மாட்டிக்கொண்டு, கட்டிலிலேயே லேப்டாப், கட்டிலிலேயே சாப்பாடு என்று இருந்த இளைஞர்களுக்கு அதுகூட இல்லை. மாடிக் கதவின் சாவி ஓனரிடம் இருந்தது.

வடசென்னைக்குப் போனால் கதை வேறு. 2020 மே, ஜூன் மாதங்களில் மாநகராட்சியின் 15 மண்டலங்களில் ராயபுரம்தான் பல நாள்கள் பட்டியலின் உச்சியில் இருந்தது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் வாழும் குடும்பங்களுக்குத் தெருதான் கூடம். அங்கேதான் பாத்திரம் கழுவுவார்கள், பிள்ளைகள் படிப்பார்கள், தாத்தா கட்டில் போட்டுப் படுப்பார். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வரிசை, பொதுக் கழிப்பறைக்கு வரிசை, ரேஷனுக்கு வரிசை. இவர்களை லத்தியோடு வீட்டுக்குள் விரட்டினால் என்ன நடக்கும்? காற்றோட்டமான இடத்தில் இருந்து, காற்றே இல்லாத இடத்துக்குப் போகிறார்கள். ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வரும். தொற்றியல் தெரிந்தவர்கள் அந்தத் தெருக்களில் செய்யச் சொல்லியிருக்க வேண்டியது இதற்கு நேர் எதிரானது: நாற்காலியை வெளியே போடு, தள்ளிப் போடு, முகக்கவசம் போடு.

பள்ளி மைதானங்கள் அந்த மாதங்களில் பூட்டிக் கிடந்தன. கல்லூரி வளாகங்களும் அப்படியே. நெரிசலான ஒரு பகுதியின் நடுவில் ஒரு பெரிய மைதானம் ஆளில்லாமல் பூட்டியிருக்க, அதன் சுவரை ஒட்டிய சந்தில் நூறு குடும்பங்கள் அடைந்து கிடந்ததை எந்த மருத்துவக் காரணம் சொல்லி நியாயப்படுத்துவது?

தக்காளிக்குக் கிடைத்த மைதானம்

இத்தனைக்கும் நம் நிர்வாகத்துக்குத் திறந்தவெளியின் அருமை தெரியாமல் இல்லை. மே 5-ம் தேதி கோயம்பேட்டை மூடினார்கள். ஒரு வாரத்துக்குள் திருமழிசையில் வெட்டவெளியில் தற்காலிக காய்கறிச் சந்தை தயார். பழ வியாபாரம் மாதவரம் பேருந்து நிலையத்துக்குப் போனது. திருச்சியில் காந்தி மார்க்கெட் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு இடம் மாறியது. பல ஊர்களில் பேருந்து நிலையங்களே உழவர் சந்தைகள் ஆயின. பேருந்து ஓடாத காலத்தில் காலியாகக் கிடந்த இடத்தை இப்படிப் பயன்படுத்தியது உண்மையிலேயே நல்ல யோசனை. உலக நகரங்கள் செய்தவற்றோடு இதையும் தைரியமாக ஒப்பிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. மழை பெய்தால் திருமழிசை சேறு. காய்கறி அழுகியது, வியாபாரிகள் புலம்பினார்கள். கழிப்பறை, நிழல், குடிநீர் எல்லாமே அரைகுறை. செப்டம்பர் கடைசியில் கோயம்பேடு மறுபடி திறக்கும்வரை ஏறக்குறைய நான்கரை மாதம் ஓட்டினார்கள். ஆனாலும் அடிப்படைச் சிந்தனை சரி: நெருக்கத்தை உடைத்து வெட்டவெளிக்குக் கொண்டு போ. தக்காளி மூட்டைக்குப் பொருந்திய அந்தச் சிந்தனை, மூச்சு முட்டிய மனிதர்களுக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போனது?

அதே காலத்தில் கொலம்பியாவின் போகோட்டா, பேருந்து நெரிசலைக் குறைக்க சாலைகளில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்தே தற்காலிக சைக்கிள் பாதைகள் போட்டது. மிலான் நகரம் 35 கி.மீ. சாலையை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திருப்பிவிடத் திட்டமிட்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் டொமினோ பூங்காவின் புல்தரையில் வெள்ளை வட்டங்கள் வரைந்தார்கள், ஒரு வட்டத்துக்குள் ஒரு குடும்பம். செலவு? சுண்ணாம்பும் ஓர் ஆளும்தான். நம் ரேஷன் கடை வாசலில் போட்ட அதே வட்டம். 'மெரினா மணலில் வட்டம் போட்டா காத்துல அழிஞ்சிடுமே' என்றால், சரி, சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். கோயில் திருவிழாவுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் கட்டத் தெரிந்த ஊர்தானே இது.

பாண்டிபஜாரில் 2019 நவம்பரில்தான் நடப்பவர்களுக்கான அகலமான வளாகம் திறந்திருந்தோம். அந்த அனுபவத்தை வைத்து நாலு தெருக்களிலாவது மாலை நேரம் வண்டிகளை நிறுத்தி மக்களுக்கு விட்டிருக்கலாம்.

சுண்டல் விற்றவர்கள்

கடற்கரை மூடியதில் நாம் இழந்தது பொழுதுபோக்கு. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்றவர், பஜ்ஜிக் கடைக்காரர், பலூன் சுடும் கடை வைத்திருந்தவர், குதிரைக்காரர் இழந்தது 9 மாத வருமானம். 2020 ஜூனில் மத்திய அரசு சாலையோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் திட்டம் அறிவித்தது. கடன்தான், நிவாரணம் இல்லை. வியாபாரம் செய்யும் இடமே பூட்டியிருக்கும்போது கடனை வாங்கி எங்கே கடை போடுவது? போதாததற்கு, மெரினாவை ஒழுங்குபடுத்தும் வழக்கில் ஒரே மாதிரியான 900 வண்டிக் கடைகள் மட்டும் என்ற திட்டமும் அதே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடற்கரை திறந்தாலும் தன் இடம் இருக்குமா என்பதே பலருக்குத் தெரியாத நிலை.

அபராதத்தையும் பார்த்துவிடலாம். 2020 செப்டம்பரில் வந்த விதிப்படி முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500. விதி தேவைதான். ஆனால் அபராதம் வசூலிக்கத் தெருவில் நிற்பவர் கண்ணில் படுவது தெருவில் இருப்பவர்தான். காரின் கண்ணாடிக்குள் இருப்பவரையும், ஏ.சி. மீட்டிங் அறைக்குள் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டியவரையும் யாரும் நிறுத்தவில்லை.

எதை மூடலாம், எதைக் கூடாது?

திறந்தவெளியில் எதையுமே மூடக் கூடாது என்று வாதிடவில்லை. 2021 பொங்கலையொட்டிக் கடற்கரைக்குத் தடை விதித்தது சரி. காணும் பொங்கல் அன்று மெரினாவில் திரளும் கூட்டத்துக்கு எந்த இடைவெளியும் சாத்தியமில்லை. அதேபோல 2021 மே மாதம், ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்ற வாரங்களில், எல்லாவற்றையும் நிறுத்தியதையும் குறை சொல்ல மாட்டோம். ஒரு குறிப்பிட்ட நாள், ஒரு குறிப்பிட்ட வாரம், காரணம் சொல்லி மூடுவது வேறு. தியேட்டரைத் திறந்துவிட்டு மணலைப் பூட்டி வைப்பது வேறு.

அடுத்த முறைக்கான திட்டம் என்று ஒன்று எழுதினால், அதில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது வரிசை. கூரை இல்லாதவை கடைசியாக மூடப்பட்டு முதலில் திறக்கப்பட வேண்டும். நேரத்தை நீட்ட வேண்டும், சுருக்கக் கூடாது. எந்தச் சந்தைக்கு எந்த மைதானம் என்று இப்போதே எழுதி, அங்கே மழைநீர் வடிகாலும் கழிப்பறையும் போட்டு வைக்க வேண்டும். 200 வார்டுகளிலும் எந்தப் பள்ளி மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அவசரத்தில் யார் திறப்பார் என்ற பட்டியல் வேண்டும்.

இதில் நாம் கேட்கக் கூடியதும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் 10 சதவீத நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். உங்கள் அபார்ட்மென்ட் பெரிய வளாகமாக இருந்தால், அதை ஒட்டியே அப்படி ஒரு துண்டு நிலம் இருக்க வாய்ப்பு அதிகம். சில இடங்களில் அது பூங்கா. சில இடங்களில் குடியிருப்போர் சங்கத்தின் கார் பார்க்கிங். சில இடங்களில் வேலி போட்டு, 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையோடு நிற்கும். அந்தப் பலகையை வைத்தவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதை வார்டு அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய்தான்.